யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துவிட்டேன்

அன்புள்ள மேடம்,

கடலூர் முதுநகரில் இருக்கிறேன், வயது 47. எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறேன். குழுவுக்கு வரும் ஒரு தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். கணவர் சிங்கப்பூரில், இவள் மாமியார் வீட்டில். போன வாரம் எல்லாரும் கிளம்பிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கமே இல்லக்கா. பிள்ளயப் பாத்தா பாசம் வரல. நான் போய்ட்டா அதுக்கு நல்ல அம்மாவாச்சும் கெடப்பா" என்று அழுதாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பைபிள் மேல் என் கையை வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டேன்.

பேர் சொல்லாமல் சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். "பிசாசின் சோதனை. மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபிக்கச் சொல்லுங்க. மனநல டாக்டர்கிட்ட போறது அவிசுவாசம்" என்றார். மனசு ஒப்பவில்லை. சாவைப் பற்றி அவளிடம் நேராகக் கேட்டால் நானே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவேனோ என்றும் பயம். கொடுத்த வாக்கை மீறலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மீறுங்கள். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் அல்ல. இன்றே அவளைப் போய்ப் பாருங்கள். "நீ உசுரோட இருக்கணும், அதனால இத நான் மட்டும் வச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லலாம், நீயே சொல்லு" என்று கேளுங்கள். அம்மாவா, கணவரா, அக்காவா என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். யாரிடமும் வேண்டாம் என்றாலும் ஒருவரிடமாவது சொல்லத்தான் வேண்டும்.

நேராகக் கேட்பதால் எண்ணம் ஊறிவிடாது. "சாகணும்னு தோணுதா? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்று தனிமையில் கேளுங்கள். பலருக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். ஆமாம், யோசித்திருக்கிறேன் என்றாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, பிள்ளையையும் கூட்டிப்போவது போலப் பேசினாலோ ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். எப்படியிருந்தாலும் பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவை அவள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். பாசம் வரவில்லை என்பதும் அந்த நோயின் அறிகுறிதான், அவள் கெட்ட தாய் என்பதற்குச் சாட்சி அல்ல. பேச்சு வழி சிகிச்சை உண்டு, பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்துத் தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவள் கூசினால் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம். நீங்களும் கூடவே போங்கள்.

அவள் ஒரு நாளும் தனியாக ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூப்பருக்கு வேதத்திலிருந்தே பதில் இருக்கிறது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவும் இல்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு மறுபடியும் படுத்தவரை இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கும் பச்சை உடம்புக்காரியைப் பட்டினி போடுவது எந்த ஜெபத்திலும் சேராது. அவளுக்காக நீங்கள் உபவாசம் இருங்கள், அவள் சாப்பிடட்டும்.

பிரார்த்தனையும் மருந்தும் சண்டைக்காரர்கள் அல்ல என்பதை நம் மாநிலம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநோயாளிகள் குணமாக வேண்டித் தங்கவைக்கப்பட்டிருந்த காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் மருந்தையும் துவா என்னும் பிரார்த்தனையையும் சேர்த்துத் தரும் அரசுத் திட்டம் வந்தது. வேண்டுதலுக்கு வந்தவர்களை வேண்டுதலை விடச் சொல்லாமலே சிகிச்சை தர முடிகிறது. உங்கள் சபையிலும் முடியும்.

ஜெபக்குழுவால் மருத்துவமனை செய்ய முடியாததைச் செய்ய முடியும். இரவில் முறைவைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அவள் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குவாள். மாமியாரிடம் வயதில் மூத்த ஒரு பெண் பக்குவமாகப் பேசலாம். கணவருக்கு யாராவது போன் போட்டு, பணம் அனுப்புவதோடு தினம் பேசவும் சொல்லலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பு என்று போட்டுவிடாதீர்கள். பேர் இல்லாவிட்டாலும் நாலு மாதப் பிள்ளை, சிங்கப்பூர் புருஷன் என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் குழுவுக்கே வரமாட்டாள்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று குடும்பம் பயந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். அவள் பேசத் தயங்கினால் முதலில் நீங்கள் கூப்பிட்டு, என்னிடம் கேட்டதையே அங்கேயும் கேளுங்கள். ஒரு வாரமாக இதைத் தனியே சுமக்கிறீர்களே, உங்கள் மனபாரத்தையும் அவர்களிடம் சொல்லலாம்.