பழைய பள்ளிக்கூடத்தில் குடியேறலாமா?

வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கிராமங்களில் விக்டோரியா காலத்துப் பள்ளிக் கட்டடங்கள் வீடுகளாக விற்பனைக்கு வருவதைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் சிலவும், எங்கள் கட்டட, சட்டப் பிரிவினர் தந்த பதில்களும் இங்கே.

கேள்வி: நார்த்தாம்டன்ஷயரில் ‘தி ஓல்ட் ஸ்கூல்’ என்ற வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1870களின் செங்கல் கட்டடம். 1980களில் வீடாக மாற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். முதலில் எதைப் பார்ப்பது? (வாசகி, லெஸ்டர்)

பதில்: கதவைத் தட்டும் முன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கண் கூரையில் வேண்டாம், சுவர் தரையைத் தொடும் இடத்தில் இருக்கட்டும். பள்ளி முற்றத்துக்குத் தார் போடும்போது பழையதைப் பெயர்த்து எடுத்தவர்கள் குறைவு. மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டுவிடுவார்கள். நூறு ஆண்டில் முற்றம் சாண் அளவு உயர்ந்து, உள்தளத்தின் மட்டத்துக்கே வந்திருக்கும். வெளித்தரை உள்தளத்தைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மழைநீர் தாரில் தெறித்துச் சுவரில் ஏறும், உள்ளே ஓதம் காக்கும்.

அதே சுவரின் அடியில் வார்ப்பிரும்புச் சல்லடையோ துளைச் செங்கல்லோ தெரிகிறதா பாருங்கள். பலகைத் தளத்துக்கு அடியில் காற்று ஓடுவதற்காக வைத்தவை அவை. தாருக்குள் பாதி புதைந்திருந்தால், அல்லது யாரோ ‘குளிர் வருகிறது’ என்று சிமெண்டால் அடைத்திருந்தால், பலகையைத் தாங்கும் சட்டங்களின் முனைகள் சுவருக்குள் உளுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். உள்ளே போனதும் சுவரை ஒட்டினாற்போல் நின்று குதிகாலால் அழுத்திப் பாருங்கள். அறை நடுவில் கெட்டியாக இருக்கும் தளம் ஓரத்தில் மெத்தென்று அமுங்கினால் ஏஜென்டிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், குறித்து வைத்துக்கொண்டு சர்வேயரிடம் சொல்லுங்கள்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தையில்லை. சுவரோரம் 300 முதல் 450 மி.மீ. அகலத்துக்குத் தாரை வெட்டி எடுத்து, உள்தளத்துக்குக் கீழே 150 முதல் 200 மி.மீ. வரை இறக்கி, சல்லி நிரப்பி, அடியில் துளைக்குழாயைச் சாய்வாகப் பதிக்க வேண்டும். தோண்டுபவரைக் கண்காணியுங்கள். அந்தக் காலத்து அஸ்திவாரம் ஆழம் குறைந்தது. அதற்குக் கீழே பள்ளம் போனால் சுவரே இறங்கிவிடும். சுவரில் மருந்து ஏற்றி ‘ஓதத்துக்கு 20 ஆண்டு உத்தரவாதம்’ என்று யாராவது சான்றிதழ் காட்டினால் அதற்கு மயங்காதீர்கள். தரையை இறக்காமல் ஏற்றிய மருந்தால் பயனில்லை. தரையை இறக்கி, மழைநீர்க் குழாயையும் சரிசெய்து, சுவர் காயப் பல மாதம் விட்டபிறகு பார்த்தால் மருந்தே தேவைப்படாமல் போவதும் உண்டு.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரின் அறிக்கை சர்வே ஆகாது. ஆர்.ஐ.சி.எஸ். (பட்டய சர்வேயர்களின் அமைப்பு) வகுத்த மூன்றாம் நிலை சர்வேயை, அதாவது கட்டடத்தை முழுதாக ஆராயும் சர்வேயை, பழைய கட்டடம் தெரிந்த ஆளிடம் கேளுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் ‘சமீபத்தில் முழுதும் புதிதாக பாயின்டிங் செய்யப்பட்டது’ (செங்கல் இணைப்புகளைப் பூசி அடைப்பது) என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நல்லதுதானே? (வாசகர், ஹாரோ)

பதில்: எதைக் கொண்டு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. செங்கற்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினாலும் அசையாத கோடு, செங்கல்லைவிட முன்னே துருத்திக்கொண்டு நின்றால் அது சிமெண்ட். பள்ளி கட்டியவர்கள் பூசியது சுண்ணாம்புக் காரை. காரை செங்கல்லைவிட மென்மையானது. சுவர் நனைந்தால் ஈரம் காரை வழியே வெளியேறிக் காயும். இணைப்பைச் சிமெண்டால் அடைத்தால் ஈரத்துக்குச் செங்கல்லின் முகம்தான் வழி. குளிர்காலத்தில் அங்கேயே உறைந்து விரியும்போது முகம் ஏடு ஏடாக உரிந்து விழும். சிமெண்ட் கோடு மட்டும் கூடு போல நிற்க, செங்கற்கள் உள்ளே குழிந்துபோன சுவரைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

எடுக்கும்போது ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், கல்லின் ஓரம் போய்விடும். குறுகிய உளியும் சுத்தியலும் போதும். சிமெண்ட் செங்கல்லோடு சேர்ந்தே பெயர்ந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம், அதாவது 10 மி.மீ. இணைப்புக்கு 20 முதல் 25 மி.மீ., சுத்தம் செய்யுங்கள். நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு என்.எச்.எல். 3.5 ஒரு பங்கு, சொரசொரப்பான மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்துவிட்டு உள்ளே அழுத்தித் திணித்து, சற்று இறுகியதும் விறைப்பான பிரஷால் தட்டிவிட வேண்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது. நவம்பரில் ‘செய்து முடித்துவிடலாம்’ என்று சொல்லும் கொத்தனாரை வசந்தத்தில் வரச்சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சொலிசிட்டர் 1841ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லி, ‘நிலம் திரும்பிப் போகலாம்’ என்று பயமுறுத்துகிறார். இந்தக் காலத்தில் அப்படியெல்லாம் நடக்குமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். ஸ்கூல் சைட்ஸ் ஆக்ட் 1841இன்படி கிராமத்து நிலக்கிழார் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்காகச் சிறு துண்டு நிலம் கொடுக்கலாம். பள்ளி நின்றால் நிலம் கொடுத்தவர் வழிக்கே திரும்பும் என்பது அதில் உள்ள நிபந்தனை. ரிவர்ட்டர் ஆஃப் சைட்ஸ் ஆக்ட் 1987 இதை மாற்றியது. பட்டா அறங்காவலர்களிடமே இருக்கும், வாரிசுகளின் உரிமை விற்ற பணத்தின் மீது நிற்கும். எனவே பள்ளி எந்த ஆண்டு மூடியது, முதலில் யார் விற்றார், பணம் இரு அறங்காவலர்களுக்காவது போனதா, நிலப் பதிவேட்டில் ‘அப்சல்யூட்’ (முழுமையான) உரிமை உள்ளதா என்பவற்றைக் கேளுங்கள். பலமுறை கைமாறி, அப்சல்யூட் என்று பதிவான வீட்டில் ஆபத்து குறைவு.

முகப்பில் ‘நேஷனல் ஸ்கூல்’ என்று பொறித்திருந்தால் அது சர்ச் ஆஃப் இங்கிலாந்து சார்ந்த பள்ளி, இந்தக் கேள்வி எழ வாய்ப்பு கூடுதல். ‘போர்டு ஸ்கூல்’ என்றால் 1870 கல்விச் சட்டத்துக்குப் பின் வந்தது, வாய்ப்பு குறைவு. ஆனால் பத்திரத்தைப் பார்க்காமல் கல்வெட்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் மிஞ்சினால், பின்னால் யாராவது உரிமை கோரினால் இழப்பை ஈடுகட்டும் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் உண்டு. நிலம் கொடுத்த குடும்பத்தைத் தேடிப்பிடித்து நீங்களே கடிதம் எழுதிவிட்டால் அந்த இன்சூரன்ஸ் பெரும்பாலும் கிடைக்காது. ஆர்வக்கோளாறைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய வகுப்பறையில் மரப்பரண் போட்டு மேலே படுக்கையறை அமைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. சிக்கல் உண்டா? (வாசகி, ரெடிங்)

பதில்: மாற்றியவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பரணில் நிமிர்ந்து நடக்க இடம் வேண்டுமென்று கூரையின் குறுக்கு விட்டத்தை நடுவில் அறுத்துவிட்டு, அங்கே வாசல் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கைமரங்களின் கால்கள் வெளியே நழுவாமல் கட்டிப்பிடித்திருப்பது அந்த விட்டம்தான். அறுத்தால் கூரை அகலும், சுவர் மேல்பக்கம் வெளியே தள்ளும். வெளியே நின்று முகட்டு வரி நடுவில் தொய்ந்திருக்கிறதா, இறவாணத்தின் கீழ் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய இரும்புக் கம்பி குறுக்கே போவதைக் கண்டு ‘தேவையில்லாதது’ என்று கழற்றியவர்களும் உண்டு. அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்தது ஜன்னல். குழந்தைகள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாதென்று அடிக்கட்டையை உயரத்தில் வைத்தார்கள். பரண் அந்த உயரமான ஜன்னலைக் குறுக்கே வெட்டும்போது மேல் அறையில் கண்ணாடி தரையிலிருந்தே தொடங்கும். 800 மி.மீ.க்குக் கீழே உள்ள கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். தீயில் தப்பிக்கும் ஜன்னல் என்றால் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மி.மீ.க்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1100 மி.மீ.க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கட்டட விதிகளின் நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பாதுகாக்கப்படும் பாரம்பரியக் கட்டடங்களின் கிரேடு டூ பட்டியலில் உள்ள கட்டடமென்றால், அனுமதியின்றிச் செய்த மாற்றத்தின் மீது நடவடிக்கை எடுக்கக் காலக்கெடுவே கிடையாது. செய்தவர் விற்றுவிட்டுப் போயிருப்பார், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

கேள்வி: வாரக் கடைசியில் மட்டும் தங்குவோம். சூடாக்கச் செலவு அதிகமா? (வாசகர், குரோய்டன்)

பதில்: கணக்கைப் பாருங்கள். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையின் கொள்ளளவு 360 கன மீட்டர். சாதாரண ஹால் 5க்கு 4, உயரம் 2.4 மீட்டர் என்றால் 48. ஏழரை மடங்கு காற்று, அதில் சூடு முழுதும் மேலே போய் உட்காரும். ரேடியேட்டரைவிடத் தரையடிச் சூடு இங்கே பொருத்தம். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்புக்கும் அதுதான் இணக்கம். இங்கிலாந்து, வேல்ஸில் பாய்லர் அப்கிரேட் திட்டம் காற்றுவழி ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு தருகிறது. நிறுவுபவரே விண்ணப்பித்துப் பில்லில் கழிப்பார். தடித்த சுவர் வெள்ளிக்கிழமை இரவு போட்ட சூட்டை உண்டுவிட்டு ஞாயிறன்றுதான் திருப்பித் தரும், நீங்கள் கிளம்பும் நேரத்தில். ஆகவே வாரநாட்களிலும் 10, 12 டிகிரியில் ஓடவிடுங்கள், குழாயும் உறையாது.

கேள்வி: 6,00,000 பவுண்டு விலை. இரண்டாவது வீடு. முத்திரை வரி எவ்வளவு? (வாசகர், ஸ்லவ்)

பதில்: ஏப்ரல் 2025 முதல் உள்ள வரிப்படி, முதல் 1,25,000க்கு வரியில்லை. அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், 2,500. மீதி 3,50,000க்கு 5 சதவீதம், 17,500. ஆக 20,000. இரண்டாவது வீடு என்பதால் முழுத் தொகைக்கும் கூடுதல் 5 சதவீதம், 30,000. மொத்தம் 50,000. வெளிநாட்டில் வசிப்பவரென்றால் இன்னும் 2 சதவீதம். இரண்டாவது வீட்டின் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கும் அதிகாரமும் உள்ளாட்சிக்கு இருக்கிறது.

கழிவுநீரையும் கேட்டுவிடுங்கள். 2020 ஜனவரி முதல் செப்டிக் டேங்க் நீரை ஓடையிலோ வாய்க்காலிலோ நேரே விடக்கூடாது. ஊறவிடும் நிலம் கட்டடத்திலிருந்து 15 மீட்டர், நீர்நிலையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பள்ளி மனை சிறியது, அந்த இடமே இல்லாமல் போகலாம்.

கேள்வி: மணிக்கூண்டு ஒழுகுகிறது. எடுத்துவிடலாமா? (வாசகி, பெட்ஃபோர்டு)

பதில்: பட்டியலிட்ட கட்டடமென்றால் அனுமதியின்றி எடுப்பது குற்றம். பெரும்பாலும் ஒழுகுவது கூண்டல்ல, அதன் காலடியில் கற்பலகைக் கூரையோடு சேரும் ஈயத்தகடு. நீளமான ஒரே தகடாகப் போட்டிருந்தால் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிக் கிழிந்திருக்கும். சிறு துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு மாற்றச் சொல்லுங்கள். கயிறு இறங்கிய துளையையும் பார்க்கச் சொல்லுங்கள், அதை மூட மறந்திருப்பார்கள்.