இரட்டையும் இருமமும்

அன்புள்ள சார்,

மகள் பதினொன்றாம் வகுப்பு. பைனரி என்றால் 0, 1 என்று கணினிப் பாடத்தில் படிக்கிறாள். போன வாரம் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் ‘பைனரி ஸ்டார்’ என்றார்கள். “அங்கேயும் பூஜ்யமும் ஒன்றுமாப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

அங்கே பூஜ்யம் கிடையாது, இரண்டு விண்மீனுமே 1தான். பைனரிக்கு ‘இரண்டிரண்டாக’ என்று வேர்ப்பொருள். உறவு அத்தோடு சரி. தமிழில் இரட்டை விண்மீன், இரும எண் என்று தனித்தனியாகவே சொல்கிறோம். மகள் தமிழில் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. (வராமல் போயிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.)

கணினியில் இது அல்லது அது. அதைப் புரிந்துகொள்ள யாப்பிலக்கணமே போதும். அசை இரண்டே: நேர், நிரை. ஓரிடத்தில் ஒன்றுதான் வரும். ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. பிட் (0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம்) கணக்கும் இதேதான். நேரை 0, நிரையை 1 என்று வைத்தால் தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11.

வானத்தில் இதுவும் அதுவும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றையொன்று ஈர்த்து, பொதுவான நிறைமையத்தைச் சுற்ற வேண்டும். பக்கத்தில் தெரிவதெல்லாம் ஜோடியல்ல. மெரினாவில் நின்றால் படகு விளக்கும் எங்கோ தூரத்துக் கப்பல் விளக்கும் ஒட்டினாற்போல் தெரியுமே, அப்படியும் இருக்கலாம். உண்மையான ஜோடிகளுக்கென்றே வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1802இல் ‘பைனரி ஸ்டார்’ என்ற பெயரை வைத்தார்.

இதில் நம்மூருக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், 1792இலேயே வானாய்வகம் வந்துவிட்டது. அதன் தலைவர் ஜேக்கப் 1855இல், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதை கணக்கோடு ஒட்டவில்லையே என்று பார்த்து, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று எழுதினார். கோள் இல்லை. ஆனாலும் கல்லூரிச் சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம்தான்.

அப்புறம், மகளுக்கு அருந்ததி காட்டுங்கள். சித்திரை, வைகாசியில் இருட்டியதும் மொட்டைமாடியில் வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் நடுவில் வசிஷ்டர், ஒட்டி மங்கலாக அருந்ததி. சின்னத் தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார், அந்த இரண்டும் தனித்தனியே இரட்டை. அருந்ததியும் இரட்டைதான், அந்தத் துணையை 2009இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர்.

பெரம்பூர் தெருவிளக்குகளைத் தாண்டி அருந்ததி கண்ணில் பட்டால் எனக்கும் எழுதுங்கள். என் மாடியிலிருந்து இதுவரை வசிஷ்டர் மட்டும்தான்.