ஆத்தங்குடிக் கல் தரையில் மரப்பட்டறை: ரப்பர் மேட் வேண்டவே வேண்டாம்

கேள்வி: காரைக்குடியில் பழைய வீடு ஒன்றின் இரண்டாங்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். 12க்கு 10 அடி அறை, ஆத்தங்குடிக் கல் தரை. அதில் பெஞ்ச், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், டிரில் வைத்துச் சின்ன மரவேலை செய்ய ஆசை. "ரப்பர் மேட் விரிச்சாப் போதும், ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்கிறார் புரோக்கர். காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அட்வான்ஸ் போவதற்கு அந்த ரப்பர் மேட் ஒன்றே போதும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்த கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நிறமோ மேலே சில மில்லிமீட்டர்தான். இந்தக் கல் எண்ணெயைக் குடிக்கும், புளியும் எலுமிச்சையும் பட்டால்கூட அரித்துப்போகும். பழைய வீடுகளில் தரைக்கடியில் ஈரம் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணின் ஈரம் கல் வழியாக ஏறிக் காற்றில் போய்விடும். மேலே ரப்பரோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடினால் ஈரம் போக வழியின்றி உப்புப் பூக்கும். போதாததற்குக் கறுப்பு ரப்பரில் இருக்கும் எண்ணெய்ப் பசை கல்லில் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். அதை எடுக்க வழியில்லை.

முதலில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் ரீப்பர் கட்டையால் அழுத்தி ஒரு நாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அந்த மூலையில் பட்டறை வேண்டாம். பிறகு ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டுங்கள். 'தொப்'பென்று பொள்ளல் சத்தம் வருவதைச் சாக்பீஸால் குறியுங்கள். பெஞ்சின் கால் அதன்மேல் நின்றால், சுத்தியல் போடும்போது கல் விரிசல் விடும்.

12 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 அடியில் இரண்டு வாங்கி, பாதியாக அறுத்து நான்கு துண்டாக்குங்கள். ஒரு துண்டு சுமார் 12 கிலோ, ஒருவரே தூக்கலாம். அடியில் பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து விரியுங்கள். சாயத்துணியோ சாக்கோ ஈரத்தில் நிறம் விடும். பலகைகளுக்கு நடுவே விரல் கனம் இடைவெளி விடுங்கள். தரையில் ஆணியோ டேப்போ கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கி நிறுத்தி ஒரு பகல் காற்றாட விட வேண்டும், ஐப்பசி மழையில் வாரம் ஒருமுறை.

பெஞ்சும் வைஸும் சேர்ந்து 120 கிலோ என்றால், 2 அங்குலச் சதுரக் கால்கள் நான்கில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏழரைக் கிலோ இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் 6 அங்குலச் சதுரத்தில் 18 மி.மீ. கட்டை கொடுத்தால் ஒரு கிலோவுக்கும் கீழே போய்விடும். ரப்பர் வைப்பதானால் காலுக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவில் வையுங்கள், கல்லைத் தொடக்கூடாது.

பிளாஸ்டிக் ஒரே ஒரு வேளைக்கு மட்டும் ஆகும்: வார்னிஷ், ஆளி எண்ணெய் பூசும் நாளில். அப்போதும் கல்மேல் இல்லை, பலகைமேல். பூசுவதற்கு முன் விரித்து, கை வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அன்றைக்கே சுருட்டிவிட வேண்டும். "நாளைக்கும் பூசணும், கிடக்கட்டும்" என்று விட்டால் அது நிரந்தர விரிப்பாகிவிடும். பலகை இடைவெளியில் காற்று போகாது, மேட் போட்ட கதைதான் மறுபடியும். எண்ணெய் தோய்ந்த துணியையும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் சாக்பீஸ் பொடியைக் கொட்டி இரவு முழுக்க விடுங்கள். ஃபெவிகாலை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து மரச்சிம்பால் நெம்புங்கள், பிளேடு வேண்டாம். இரும்புத்தூளையும் மரத்தூளையும் அன்றன்றே பெருக்குங்கள், ஈரம் பட்டால் இரண்டும் கறை.

அடுத்து, காலி செய்யும் வாரத்தில் புரோக்கரே கூட்டி வரும் பாலிஷ்காரர். "ஆசிட் வாஷ் பண்ணி மெஷின் போட்டா புதுசாயிரும்" என்பார். ஆசிட் சிமெண்டைத் தின்னும், மெஷின் நிறத்தைத் தின்னும். கண்ணாடி கொடுத்த அந்த முகம் போனால் போனதுதான். கூலி உங்கள் தலையில், கமிஷன் அவர் பையில், பழுது மறுபடி உங்கள் தலையில். கல் ஒன்று விரிந்தால் ஓனரிடம் சொல்லிவிட்டு, உடைந்த சில்லோடு ஆத்தங்குடிக்கே போங்கள். போட்டோவைக் காட்டினால் நிறம் சேராது. அளவும் கனமும்கூடச் சேர வேண்டுமே.

புரோக்கர் "பேசிக்கிறேன்" என்பது எழுத்தாகாது. இங்கே ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் சரி என்பார், சென்னையிலிருந்து இன்னொருவர் வந்து முறைப்பார். யார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாரோ அவரிடமே 'மரவேலைக்கு அனுமதி' என்று ஒரு வரி வாங்குங்கள். சாக்பீஸ் குறியோடு பகல் வெளிச்சத்தில் தரையை வீடியோ எடுத்து, அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், உள்ள பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். ஆனால் மூன்று மாதம் என்பதற்கு முன்னால் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியாகத்தான் ஊரே பத்து மாதம் வாங்குகிறது. பிறகு சட்டம் எதற்கு? அதனால் சட்டத்தை நம்புவதைவிட அந்த வீடியோவை நம்புங்கள்.

காலி செய்யப் பத்து நாள் முன்பே பலகைகளை எடுத்துவிடுங்கள். மூடிக் கிடந்த கல் நன்றாகக் காயட்டும். கடைசி நாளில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு துணியில் இரண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு தடவை துடைத்தால் போதும்.