உப்புத் தண்ணீரில் ஊறினால் உடம்பில் இருக்கிற நச்சு வெளியேறுமா?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்துப் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கடையில் நாள் முழுக்க நின்றே வேலை, ராத்திரி ஆனால் காலும் இடுப்பும் வலி, தூக்கமும் சரியாக வருவதில்லை. அழகு நிலையத்தில் ஒரு மிஷின் தொட்டியில் காலை வைக்கச் சொன்னார்கள், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது, "இதெல்லாம் உங்கள் உடம்பில் இருந்த நச்சு, வாராவாரம் வாங்க" என்கிறார்கள். அந்தக் காசைக் கொடுப்பதற்கு வீட்டிலேயே எப்சம் உப்பு போட்டு டீடாக்ஸ் குளியல் எடுக்கலாமா? எவ்வளவு உப்பு? சர்க்கரை இருக்கிற மாமியாரும் ஊறலாமா?

முதலில் அந்தப் பழுப்புத் தண்ணீர். தொட்டிக்குள் உலோகத் தகடுகள் இருக்கும், தண்ணீரில் உப்பு போட்டு மின்சாரம் விடும்போது தகட்டில் இருக்கிற இரும்பு அரித்துக் கரைந்து துருவாக மிதக்கும். யாருமே காலை வைக்காமல் மிஷினை ஓடவிட்டாலும் அதே நிறம்தான் வரும், சந்தேகமாக இருந்தால் அப்படி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உடம்பைச் சுத்தம் செய்கிற வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகிறது. வியர்வையோ கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரும் உப்பும்தான், அதன் வழியாகப் போகிற கழிவு மிகமிகக் குறைவு. எப்சம் உப்பில் இருக்கிற மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய் வலியைப் போக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

அப்போ குளியலால் பயனே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. சூடு தசைப்பிடிப்பைத் தளர்த்தும், நாள் முழுக்க உடம்பைத் தாங்கி நின்ற காலுக்குத் தண்ணீரில் பாரம் குறையும். தூக்கத்துக்கும் நல்லது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2019இல் சொன்னது: படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தவர்களுக்குச் சராசரியாக 10 நிமிடம் சீக்கிரமே தூக்கம் வந்தது. வெந்நீர் கை கால்களுக்கு ரத்தத்தை இழுக்கிறது, அது வழியாக உள்சூடு இறங்குகிறது, அந்த இறக்கம்தான் தூக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால் குளித்த உடனே படுக்கையில் விழாமல், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை சுலபம். பாத்டப்பில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கப்புறம்தான் கீசர் தண்ணீர். நம் வீட்டு கீசர்கள் பெரும்பாலும் 60 டிகிரியில் இருக்கும், அந்தச் சூடு சில விநாடிகளிலேயே தோலை வெந்துபோகச் செய்துவிடும், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். முழங்கையைத் தண்ணீரில் வையுங்கள், இதமாக இருந்தால் சரி, சுரீர் என்றால் இன்னும் பச்சைத் தண்ணீர் விடுங்கள். இரண்டு கப் எப்சம் உப்பு போதும். பாட்டிமார் பேதி உப்பு என்று சொல்வார்களே, அதேதான், மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும், வாசனை போட்ட ஸ்பா பாக்கெட்டுக்கு நாலு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். வீட்டில் இல்லையென்றால் வெறும் வெந்நீரே போதும். 15 நிமிடம், அதிகம் போனால் 20. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். எழும்போது தொட்டி விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுங்கள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் உப்பு போடுவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள், கர்ப்பிணிகளுக்கு நல்ல சூட்டில் ஊறுவது வேண்டாம்.

பீனிக்ஸ் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே சில நாள் கஷ்டம், பாத்டப் நிரப்ப மனசு வராது. அந்த நாளில் ஒரு வாளி வெந்நீர், அரை கப் உப்பு, கணுக்கால் மூழ்கக் காலை வைத்து உட்காருங்கள். நின்று வேலை செய்கிற காலுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

லாவெண்டர் மாதிரி வாசனை எண்ணெய் போட ஆசையாக இருந்தால் நேராகத் தண்ணீரில் சொட்டாதீர்கள், அது கரையாமல் மேலே மிதந்து தோலில் ஒட்டி எரியும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு கலந்து ஊற்றலாம், ஆனால் தொட்டி வழுக்கும், ரப்பர் பாய் இல்லாமல் இறங்காதீர்கள். வேப்பிலை போடுகிறவர்கள் இலையைப் பார்த்துப் பறியுங்கள். இங்கே தெருவோரம் நிற்கிற சிரிங்கா மரத்தை வேம்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வேம்புக்கு ஒரே ஈர்க்கின் இரண்டு பக்கமும் இலை வரும். சிரிங்காவுக்கு ஈர்க்கே கிளைகிளையாகப் பிரிந்து, அதில்தான் இலை இருக்கும், குளிர்காலத்தில் மஞ்சள் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கும். அந்தக் காய் விஷம், குழந்தைகள் கையில் படக் கூடாது.

இனி மாமியார். உப்பும் வேண்டாம், ஊறவும் வேண்டாம். சர்க்கரை பல வருஷம் இருந்தால் காலில் உணர்ச்சி மங்கிப்போகும், தண்ணீர் கொதித்தாலும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார், வெந்தது மறுநாள் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆற மாசக்கணக்காகும். ஊறினால் தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி போகும். அவருக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவிவிடுங்கள், சூட்டை நீங்களே பார்த்துவிட்டு ஊற்றுங்கள். விரல் இடுக்கெல்லாம் ஈரம் இல்லாமல் ஒற்றித் துடைத்துவிட்டு, உள்ளங்காலைத் திருப்பி வெடிப்போ சிவப்போ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் எடுத்துக் காலிலும் குதிகாலிலும் இதமாகத் தேய்த்துவிடுங்கள், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள்.