வாசகர் கேள்வி–பதில்: முதல் வகுப்புக்கு முன்னே வரும் தேர்வுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேரவிருக்கும் மாணவர்கள் பாடங்களுக்குப் பதிவு செய்யும் முன் எழுத வேண்டிய தேர்வுகள் பற்றியும், தேர்வு எழுதியே கிரெடிட் (பட்டத்துக்கான கணக்கில் சேரும் பாட அலகு) பெறுவது பற்றியும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவள், கணிதத்தில் 98 மதிப்பெண். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இப்போது 'மேத் பிளேஸ்மென்ட்' எழுதினால்தான் பாடங்களுக்குப் பதிவு செய்ய முடியும் என்று மின்னஞ்சல் வந்துள்ளது. சேர்க்கைக் கடிதம் கொடுத்த பிறகு எதற்காக இன்னொரு தேர்வு? இதில் மதிப்பெண் குறைந்தால் இடம் போய்விடுமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: இடம் போகாது, அந்த அச்சம் வேண்டாம். நம் ஊரில் பிளேஸ்மென்ட் என்றதும் கல்லூரிக்குக் கம்பெனிகள் வந்து ஆள் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். அங்கே அச்சொல் குறிப்பது, புதிதாக வரும் மாணவர் எந்தப் பாடத்தில் தொடங்கினால் தடுமாறாமல் படிக்க முடியும் என்று பார்த்து அந்த வகுப்பில் அமர்த்துவதை. பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரம் பள்ளிகளிலிருந்தும் வருபவர்களின் மதிப்பெண் பட்டியல்களை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதால், பல்கலைக்கழகம் தானே ஒரு முறை அளந்து பார்க்கிறது.

கணிதத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துவது 'அலெக்ஸ்' என்னும் இணையவழித் தேர்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவான இது இப்போது மெக்ரா ஹில் நிறுவனத்திடம் இருக்கிறது. அதிகபட்சம் 30 கேள்விகள் வரும். ஒரு கேள்விக்கு நீங்கள் தரும் விடையைப் பொறுத்தே அடுத்த கேள்வி அமையும். பெரும்பாலானவற்றுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. விடையை நாமே கணக்கிட்டு உள்ளிட வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு பொத்தான் இருக்கும். தெரியாத இடத்தில் ஊகித்து எழுதுவதைவிட அதை அழுத்துவதே நல்லது. முடிவில் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். கால்குலஸ் (நுண்கணிதம்) முதற்பாடத்தில் சேர எத்தனை வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. 70-க்கும் 80-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைப் பல இடங்களில் காணலாம்.

நம் மாணவர்கள் பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். தேர்வு என்றவுடன் பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துத் தொகை நுண்கணிதத்தைப் புரட்டத் தொடங்குகிறார்கள். இந்தத் தேர்விலோ கால்குலஸ் வருவதே இல்லை. எளிய எண்கணிதத்தில் தொடங்கி, கால்குலஸுக்கு முந்தைய படியோடு நின்றுவிடும். பின்ன அடுக்குகள், மடக்கை, சார்புகளின் வரைபடம், முக்கோணவியல் முற்றொருமைகள் என்று பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளில் படித்து மறந்தவைதான் அங்கே கேட்கப்படும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓட்டிவிட்டு நேரே பன்னிரண்டுக்குத் தாவும் வழக்கம் நம் பள்ளிகள் சிலவற்றில் வேரூன்றியிருப்பதால், 98 வாங்கிய பிள்ளையும் இங்கே 60-ல் நிற்கக்கூடும். மகளை முதலில் அந்தப் பழைய பாடங்களைப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்தவள் என்றால் மடக்கை, சார்பு, வீச்சகம் போன்ற சொற்களுக்கு ஆங்கிலப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் உதவும். முதல் முறை எண் குறைந்தாலும், தேர்வோடு இணைந்த பயிற்சிப் பகுதியில் சில மணி நேரம் படித்துவிட்டு மீண்டும் எழுதப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பல இடங்களில் கண்காணிப்பாளர் இல்லாமல் வீட்டிலிருந்தே எழுதக்கூடிய தேர்வு என்பதால், அண்ணனை அருகில் உட்கார்த்திக்கொள்ளும் ஆசை சில வீடுகளில் எழுகிறது. அது விதிமீறல், அதைவிட, அந்தப் பெண்ணுக்குச் செய்யும் தீங்கு. பிறர் தயவில் கால்குலஸ் வகுப்பில் போய் அமர்பவர் ஆறாவது வாரத்தில் முதல் இடைத்தேர்வை எழுதும்போது தனியாகத்தான் எழுத வேண்டும். அங்கே தோற்றால் அந்த மதிப்பெண் சான்றிதழில் ஏறும்; பிளேஸ்மென்ட் எண் ஏறுவதில்லை. அதற்காகத் தேவையின்றித் தாழ்ந்த வகுப்பில் தொடங்கவும் கூடாது. பொறியியலில் கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அதன்பின் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று ஒன்றையொன்று தொடரும் சங்கிலி உண்டு. இயற்பியலும் அதனோடு கட்டப்பட்டிருக்கும். ஒரு பருவம் பிந்தித் தொடங்கினால் அந்தப் பிந்தல் கடைசி வரை கூட வரும். ஆகவே இருப்பதை உள்ளபடி காட்டும் எண் வேண்டும், அந்த எண்ணும் பயிற்சியால் உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் பள்ளியில் ஏழு ஏபி தேர்வுகள் எழுதி, எல்லாவற்றிலும் 4 அல்லது 5 பெற்றிருக்கிறான். எல்லாக் கிரெடிட்டையும் வாங்கிக்கொண்டால் மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெறலாம் என்கிறார்கள் உறவினர்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு தாயார், டல்லாஸ்

பதில்: ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு, காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது, 1950களின் நடுவில் தொடங்கியது, 1 முதல் 5 வரை மதிப்பிடப்படுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த எண்ணுக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் தரக்கூடியவை மூன்று என்பதை உங்கள் உறவினர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. முதலாவது கிரெடிட், அது பட்டத்துக்குரிய மொத்தக் கணக்கில் சேரும். இரண்டாவது பாட விலக்கு. அந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம், ஆனால் மொத்தத்தில் எதுவும் கூடாது. மூன்றாவது, மேல்நிலை வகுப்பில் நேரே சேர அனுமதி மட்டும். ஒரே 5-க்கு ஒரு பல்கலைக்கழகம் எட்டு கிரெடிட் தர, இன்னொன்று மூன்றாவதை மட்டும் தரலாம். எம்ஐடியில், ஏபி தேர்வுகளில் ஒன்றான கால்குலஸ் பிசியில் 5 பெற்றவருக்கு முதல் கால்குலஸ் பாடமான 18.01-க்குக் கிரெடிட் உண்டு. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதே இல்லை. தன் சொந்தத் தேர்வை வைத்துத்தான் மாணவரை வகுப்பில் அமர்த்துகிறது. டார்ட்மவுத் 2018-ல் பட்டம் பெறும் அணியிலிருந்து ஏபி கிரெடிட்டை நிறுத்திவிட்டு, வகுப்பில் அமர்த்துவதற்கு மட்டும் அதைக் கணக்கில் கொள்கிறது.

கிடைப்பதையெல்லாம் வாங்குவது சரியா என்ற கேள்விக்கு என் பதில்: பொதுப் பாடங்களுக்குத் தயங்காமல் வாங்குங்கள், அவன் வாழ்நாள் துறையாகக் கொள்ளப்போகும் பாடத்துக்கு யோசித்து வாங்குங்கள். அமெரிக்க வரலாறு, அரசியல், பொருளியல் போன்றவற்றுக்கு வரும் கிரெடிட்டால் நேரமும் பணமும் மிச்சமாகும். கணினி அறிவியலோ வேதியியலோ முதன்மைப் பாடம் என்றால், அந்தத் துறை சென்ற ஆண்டு நடத்திய முதற்பாடத்தின் இறுதித் தேர்வுத் தாளைக் கேட்டு வாங்கி, மகனை அமைதியாக உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். முக்கால்வாசி தடையின்றி எழுதினால் அடுத்த வகுப்புக்குப் போகட்டும். மருத்துவம் படிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உயிரியல், வேதியியல் முன்பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல. ஏற்பவற்றிலும் சில, அதற்கு மேற்பட்ட பாடம் ஒன்றைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன.

டெக்சஸில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஏபி கிரெடிட் தானாகச் சான்றிதழில் ஏறுவதில்லை. மாணவரே கேட்டுப் பெற வேண்டும். இதைச் சிலர் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது, ஏனெனில் பட்டத்துக்குத் தேவையானவை எவை என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பார்க்க அது அவகாசம் தருகிறது.

கேள்வி: என் மகள் எட்டு ஆண்டுகளாக வாரந்தோறும் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றாள். பல்கலைக்கழகத்தில் அயல்மொழி ஒன்றை இரண்டு ஆண்டு படிக்க வேண்டும் என்கிறார்கள். தமிழில் தேர்வு எழுதி அதை முடித்துக்கொள்ள முடியுமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முடியும் என்று சொல்வதற்கு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எட்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகவில்லை. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்களில் தமிழே பாடமாக இருக்கிறது. அத்தகைய இடங்களில் தமிழ் ஆசிரியரே மாணவரை அமர்த்திப் பேச வைத்து, படிக்க வைத்து, எழுத வைத்து நிலையை முடிவு செய்வார். தமிழ் இல்லாத பல்கலைக்கழகம் என்றால், வெளித் தேர்வு ஒன்றை ஏற்பார்களா என்று மொழித் துறையில் கேட்க வேண்டும். மொழித் திறனை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான ஆக்ட்ஃபுலின் வாய்மொழி நேர்காணல் தேர்வைத் தமிழிலும் எடுக்கலாம். தொலைபேசியில் சுமார் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2011-ல் கலிஃபோர்னியா தொடங்கி, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவிய 'இருமொழி முத்திரை'யை (இரு மொழிகளில் தேர்ச்சி காட்டும் பள்ளி மாணவருக்குத் தரப்படும் சான்று) உங்கள் மகள் பள்ளியிறுதியில் பெற்றிருந்தால் அதையும் உடன் அனுப்புங்கள். சில பல்கலைக்கழகங்கள் அதைக் கருத்தில் கொள்கின்றன. ஆனால் இங்கும் முன்சொன்ன வேறுபாடு உண்டு: பெரும்பாலும் கிடைப்பது விலக்கு மட்டுமே. கிரெடிட்டும் கிடைக்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வீட்டில் 'வந்துட்டேன்', 'சாப்டாச்சு' என்று சரளமாகப் பேசும் பிள்ளை, 'வந்துவிட்டேன்', 'சாப்பிட்டாகிவிட்டது' என்று அச்சில் பார்க்கும்போது எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடும். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்பதால், நம் பிள்ளைகளின் பேசும் நிலைக்கும் படிக்கும் நிலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது இயல்பு. வாய்மொழித் தேர்வுக்கு மேடைத் தமிழை மனப்பாடம் செய்து போக வேண்டாம். வீட்டில் பேசுவது போலவே பேசட்டும். ஆனால் சமையல், உறவு, விடுமுறைப் பயணம் என்பதோடு நில்லாமல், ஒரு செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லவும், நடந்ததை முன்பின்னாக விவரிக்கவும், 'அப்படி நடந்திருந்தால்' என்று ஊகித்துப் பேசவும் பழக வேண்டும். நிலை உயர்வது அங்கேதான். படிக்கும் தேர்வு இருந்தால் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் தினமும் ஒரு செய்தித்தாள் பத்தியை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் அருகில் இருங்கள்.

கேள்வி: இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் படித்துச் சித்தியடைந்துள்ளேன். அமெரிக்காவில் இதற்குக் கிரெடிட் தருவார்களா?
– ஒரு மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: பிரிட்டிஷ் பள்ளியிறுதித் தேர்வான கேம்பிரிட்ஜ் ஏ லெவலைப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் கிரெடிட் அட்டவணையில் பெயர் குறிப்பிட்டே சேர்த்திருக்கின்றன. நீங்கள் எழுதிய இலங்கையின் தேசிய உயர்தரப் பரீட்சையைப் பொறுத்தவரை ஒவ்வோர் இடத்திலும் தனியே விசாரிக்க வேண்டும். பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் இணைத்து, சேர்க்கை அலுவலகத்துக்கு மட்டுமின்றி அந்தந்தத் துறைக்கும் எழுதுங்கள். கிரெடிட் இல்லை என்றால், துறையே நடத்தும் தேர்வை எழுதி அந்தப் பாடத்தைக் கடக்க முடியுமா என்று கேளுங்கள். இணைந்த கணிதம் படித்தவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் பொதுவாக 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் வகுப்பில் பதிந்திருக்க வேண்டும். தேர்வால் பெற்ற கிரெடிட் அந்தக் கணக்கில் சேராது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 43. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மதுரையில் பிளஸ் டூ முடித்தேன். இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜ்) சேரப்போனபோது கணினியில் ஒரு தேர்வு வைத்து, கணிதத்திலும் ஆங்கிலத்திலும் கிரெடிட் இல்லாத அடிப்படைப் பாடங்களை இரண்டு பருவம் படித்த பிறகுதான் கல்லூரிப் பாடம் என்கிறார்கள். மனம் உடைந்துவிட்டது. வேறு வழி உண்டா?
– வாசகி, அமெரிக்கா

பதில்: அம்மா, நீங்கள் தகுதியற்றவர் என்று அந்தத் தேர்வு சொல்லவில்லை. ஒரு நாள், முன்னறிவிப்போ பயிற்சியோ இல்லாமல், ஒரு மணி நேரம் எழுதிய தேர்வு அது. இத்தகைய தேர்வுகள் எவ்வளவு தவறுகின்றன என்பதைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2012-ல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின: கணிதத் தேர்வு எழுதியவர்களில் சுமார் கால்பங்கினரும் ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரும் பெரிய அளவில் தவறான வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். பள்ளி மதிப்பெண்ணே இதைவிட நம்பத்தக்க வழிகாட்டி என்பதும் தெரியவந்தது. இவ்வகையில் பரவலாகப் பயன்பட்டுவந்த 'கம்பஸ்' தேர்வை, அதை நடத்திய ஏசிடி நிறுவனம் 2016-ல் கைவிட்டது. கலிஃபோர்னியா 2017-ல் 'அசெம்பிளி பில் 705' என்ற சட்டம் இயற்றி, சமுதாயக் கல்லூரிகள் மாணவரின் பள்ளிப் படிப்பையும் மதிப்பெண்ணையும் கணக்கில் கொண்டே வகுப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்றது. கிரெடிட் தராத பாடங்களுக்கும் கட்டணம் உண்டு. அவற்றில் சிக்கிப் பட்டம் வரை போகாமலே நின்றுபோனவர்கள் ஏராளம். ஆகவே நீங்கள் கேள்வி கேட்பதில் தவறே இல்லை.

உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு ஆலோசகரைச் சந்தித்து மூன்றைக் கேளுங்கள். பள்ளி மதிப்பெண்ணையும் பார்ப்பார்களா? பயிற்சி செய்துவிட்டு மறுதேர்வு எழுத எத்தனை நாள் கழிய வேண்டும்? கல்லூரிப் பாடத்தையே எடுத்துக்கொண்டு, அதே பருவத்தில் கூடுதல் உதவி வகுப்பில் அமர வழி உண்டா? இந்த மூன்றாவது ஏற்பாடு இப்போது பல கல்லூரிகளில் இருக்கிறது. கேட்காதவருக்குச் சொல்லாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது.

கல்லூரிப் பாடங்களுக்குள் வந்த பிறகு, வகுப்பில் அமராமல் தேர்வு எழுதியே கிரெடிட் பெற உதவும் 'கிளெப்' தேர்வுகளைப் பாருங்கள். 1967 முதல் காலேஜ் போர்டு நடத்திவரும் இவை உங்களைப் போல் வேலை, குடும்பம் என்று இடையில் படிப்பை நிறுத்தியவர்களுக்கு மிகவும் பொருந்துபவை. உளவியல், சமூகவியல், மேலாண்மை போன்ற பாடங்களில் பெரும்பாலும் 90 நிமிடத் தேர்வு. 20 முதல் 80 வரையிலான அளவில் 50 பெற்றால் கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை, சில கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும். தவறினால் மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளையின் இணையவழிப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்தையே அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். எந்தத் தேர்வு உங்கள் பட்டத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதைப் பணம் கட்டும் முன் கல்லூரியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆலோசகரைச் சந்தித்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்; அடுத்த படியை இப்பகுதியிலேயே சேர்ந்து பார்ப்போம்.