நான் ஏன் இப்படி இருக்கேன்? கடலூர் தெரபிஸ்ட்கிட்ட கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்துல கவுன்சிலிங் பண்றேன். மருந்து எழுதற டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். கேளுங்க.

கேள்வி (திருப்பாப்புலியூர்): மேடம், சாயங்காலம் ஆனா பசங்க மேல கத்திடறேன், ராத்திரி உக்காந்து அழறேன். நான் ஏன் இப்படி இருக்கேன்?

பதில்: அந்த "ஏன்"ன கொஞ்சம் ஓரமா வைங்கம்மா, அதுக்கு மனசு சொல்ற பதில் பாதி நேரம் "நீ சரியில்ல"ங்கறதுதான். கடைசியா கத்தின நாள மட்டும் எடுத்து எழுதுங்க. மாதிரிக்கு நானே எழுதறேன்: மணி 6.40, அடுப்புல தோசக்கல்லு, பெரியவன் கணக்கு நோட்ட ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துட்டான், மாமியார் ஹால்ல டிவி பாக்கறாங்க, மனசுல "புள்ள வளக்கத் தெரியலன்னு நெனப்பாங்க". இதுல நோட்டு பத்தின கோவம் எவ்ளோ, அந்த கடைசி வரியோட பயம் எவ்ளோன்னு பாருங்க. இப்படி தானா ஓடற நெனப்ப கவனிச்சுதான் 1960கள்ல ஆரன் பெக்னு அமெரிக்க டாக்டர் காக்னிட்டிவ் தெரபிய, அதாவது நெனப்ப சரிபாத்து மாத்தற பேச்சு சிகிச்சைய, உருவாக்கினார். இன்னொண்ணு, கத்தாம விட்ட நாளயும் எழுதுங்க, அத யாரும் எழுதறதே இல்ல, அன்னைக்கு என்ன வேற மாதிரி இருந்துச்சுங்கறதுல நெறய கெடைக்கும்.

கேள்வி (லாஸ்பேட்டை, காலேஜ்): அக்கா, ரீல்ஸ் பாத்து என் பிரச்சன எல்லாம் புரிஞ்சிடுச்சு, ஆனா மாறவே மாட்டேங்குதே?

பதில்: தம்பி, புரிஞ்சதோட நின்னா எப்படி மாறும்? கிளாஸ்ல டவுட் கேக்க பயம்னு வை. "கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க"ன்னு முன்னாடியே நோட்ல எழுது, ஒரே ஒரு டவுட் கேளு, நெஜமா எத்தன பேர் சிரிச்சாங்கன்னு பக்கத்துலயே எழுது. பயம் போனப்பறம் கேக்கலாம்னு காத்திருந்தா டிகிரியே முடிஞ்சிடும்.

கேள்வி: 21 நாள் செஞ்சா பழக்கம் வந்துடுமாமே?

பதில்: சும்மா சொல்றது. 2009ல லண்டன்ல வந்த ஆய்வுல சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டா ஒண்ணும் கெட்டுப் போகலன்னும் பாத்தாங்க.

கேள்வி (முத்தியால்பேட்டை): வீட்டுக்காரர் தெனம் குடிக்கறார், கூப்ட்டா வரமாட்டேங்கறார். நீங்க பேசி திருத்தி விடுங்க மேடம்.

பதில்: திருத்தி விடறதுன்னு ஒண்ணு எங்க கைல இல்லம்மா. நீங்க "விடு விடு"ன்னா அவர் குடிக்கறதுக்கு காரணமா அடுக்குவார், அப்படி அடுக்க அடுக்க அவருக்கே அது நியாயமா தோணிடும். போதை தெளிஞ்ச காலைல, "குடில உங்களுக்கு எது புடிக்குது, எது உறுத்துது"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்குங்க. உறுத்தறத அவர் வாயாலயே சொல்லணும், 1983ல வில்லியம் மில்லர்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் எழுதின மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையோட அடிப்படையே இதான். ஆனா ஒண்ணு, தெனம் நெறய குடிக்கறவர் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு, டாக்டர் பாத்துதான் நிறுத்தணும்.

கேள்வி: சொன்னது வெளில போகுமா? சின்ன ஊரு, பயமா இருக்கு.

பதில்: 2017 மனநலச் சட்டப்படி ரகசியம் உங்க உரிமை. உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னாலோ, கோர்ட் உத்தரவு போட்டாலோ மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டி வரும், அத முதல் செஷன்லயே சொல்லிடுவேன். நேர்ல வர கூச்சமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.