ரைபிள் ஸ்கோப்புல எந்த ரெட்டிக்கிள் எடுக்கலாம்? கேள்வி பதில்

ஸ்கோப் பத்தி என்ன டவுட்னாலும் கேளுங்கன்னு சொன்னதுக்கு வந்து குவிஞ்சதுல பாதிக்கு மேல ரெட்டிக்கிள், அதாவது உள்ள தெரியுற அந்தக் குறுக்குக் கோடு பத்திதான். அதனால இன்னிக்கு அது மட்டும்.

கே (மெல்போர்ன்): அண்ணா, விக்டோரியா காட்டுல சாம்பார் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்துட்டேன். கடைக்காரர் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கோடும் புள்ளியுமா இருக்குற ரெட்டிக்கிள்தான் லேட்டஸ்ட்னு சொல்றார். வாங்கலாமா?

ப: வேணாம் தம்பி. நீங்க தேடிப் போறது நம்ம கடமானேதான், 1860கள்ல கப்பல்ல கொண்டுபோய் அங்க விட்ட கூட்டத்தோட வாரிசு. இங்க மாதிரியே அங்கயும் புதருக்குள்ளயே கிடக்கும், வெளிய தலை காட்டுறது விடியக்காலையும் பொழுது சாயுற நேரமும்தான். காட்டுக்குள்ள பெரும்பாலும் 150 மீட்டருக்குள்ளதான் பாப்பீங்க, அதுவும் நின்னு நிதானமா போஸ் குடுக்காது. மங்கின வெளிச்சத்துல பெரணிச் செடிக்கு நடுவுல ஒரு பழுப்புத் தோள்பட்டை மட்டும் தெரியும், அது மேல மெல்லிசா ஒரு கறுப்புக் கோட்ட வச்சீங்கன்னா கோடு எங்க இருக்குன்னே தெரியாது. அதுக்கு ஜெர்மன் நம்பர் 4 பாருங்க. இடது, வலது, கீழன்னு மூணு பக்கமும் தடிச்ச கம்பி, நடுவுல மட்டும் மெல்லிசு. நடு தெரியலேன்னாலும் மூணு கம்பியும் சேருற இடத்துக்குக் கண்ணு தானா போயிடும். லியூபோல்ட் 1962ல கொண்டுவந்த டூப்ளெக்ஸும் இதே யோசனைதான், அதுல நாலு பக்கமும் தடிப்பு. நடுவுல சிவப்புப் புள்ளி எரியுற மாடல்னா இன்னும் நல்லது, ஆனா பிரைட்னஸ ரொம்பக் குறைச்சு வைங்க, கூட்டினா அந்த வெளிச்சத்துல மானே மறைஞ்சு போயிடும்.

கே (ஹூஸ்டன்): ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், செகண்ட் ஃபோக்கல் பிளேன், ரெண்டுல எது பெஸ்ட் ப்ரோ? விலை வித்தியாசம் ரொம்ப இருக்கு.

ப: ஃபர்ஸ்ட்ல ஜூம் பண்ணா படத்தோட சேந்து கோடும் பெருசாகும், அதனால எந்த ஜூம்லயும் 1 மில்னா (கோட்டுல குறிச்சிருக்குற ஒரு கோண அளவு, 100 மீட்டர்ல 10 செ.மீ.) 1 மில்தான். செகண்ட்ல கோடு அப்படியே நிக்கும், படம் மட்டும் பெருசாகும், அதனால அதுல இருக்குற அளவு ஒரே ஒரு ஜூம்லதான் சரியா இருக்கும், பெரும்பாலும் அது மேக்ஸிமம் ஜூம். 3-9×40 ஸ்கோப்ப எடுத்துக்கோங்க, அதாவது ஜூம் 3லருந்து 9 மடங்கு வரைக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ. 9ல 2 மில்னு காட்டுற அதே கோடு 4.5ல 4 மில் ஆயிடும். 300 மீட்டர்ல 2 மில்னா 60 செ.மீ., அவசரத்துல ஜூம கவனிக்காம அந்தக் கோட்ட வச்சு சுட்டீங்கன்னா தோட்டா 60 செ.மீ. மேல, முதுகத் தாண்டிப் போயிடும். அதே சமயம் ஃபர்ஸ்ட்லயும் ஒரு தலைவலி இருக்கு, ஜூம 3க்கு இறக்கினா கோடு முடி மாதிரி மெலிஞ்சிடும். நடுப்புள்ளிய மட்டும் வச்சு 200 மீட்டருக்குள்ள சுடுறவருக்கு செகண்ட் தாராளமா போதும். தூரம் மாத்தி மாத்தி இரும்புத் தட்டு அடிக்கிற போட்டிக்குப் போறவர்னா ஃபர்ஸ்ட்தான், அங்க அந்தக் கிறிஸ்துமஸ் மரமும் வேலைக்கு ஆகும், ஏன்னா காத்துக்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்கணும்னு டரட்ட, அதாவது ஸ்கோப் மேல இருக்குற அட்ஜஸ்ட் பண்ற திருகைத் தொடாமலே கணக்குப் போட்டுடலாம்.

கே (டொராண்டோ): மில்லா, எம்ஓஏவா? ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிறாங்க.

ப: அடிச்சுக்கட்டும். 1 மில் 100 மீட்டர்ல 10 செ.மீ., 1 எம்ஓஏ (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு) 100 கஜத்துல 1.047 இன்ச், அவ்வளவுதான் விஷயம். மீட்டர்ல யோசிக்கிறவருக்கு மில் சுலபம். முக்கியமா பாக்க வேண்டியது ரெட்டிக்கிளும் டரட்டும் ஒரே அளவுல இருக்கான்னு. பழைய ஸ்கோப் நிறைய மில் டாட் ரெட்டிக்கிள், எம்ஓஏ டரட்னு வரும், ஒவ்வொரு தடவையும் 3.44ஆல பெருக்கிட்டு உக்காரணும். மில்ல வச்சு தூரம் கண்டுபிடிக்கலாமான்னும் சிலர் கேட்டிருந்தீங்க. பொருளோட உயரம் மீட்டர்ல, அத ஆயிரத்தால பெருக்கி மில்லால வகுக்கணும். அரை மீட்டர் தட்டு 0.8 மில் தெரிஞ்சா 625 மீட்டர். அதையே 0.7னு படிச்சா 714. கண்ணு ஒரு துளி பிசகினா 90 மீட்டர் போச்சு, அதனால லேசர் ரேஞ்ச் ஃபைண்டர் ஒண்ணு வாங்கிடுங்க.

கே (டென்வர்): சார், என் ஸ்கோப்புல 200, 300, 400னு வட்டம் போட்ட பிடிசி ரெட்டிக்கிள், தூரத்துக்குத் தோட்டா இறங்குறத ஈடுகட்டுறது. கொலராடோ மலை மேல எல்க்குங்கிற பெரிய மானுக்கு நம்பலாமா?

ப: அப்படியே நம்பாதீங்க. அந்த வட்டம் ஏதோ ஒரு தோட்டா, ஒரு வேகம், ஒரு காத்தழுத்தத்துக்குப் போட்ட கணக்கு. உசரத்துல காத்து லேசு, தோட்டா அவ்வளவா இறங்காது. உங்க தோட்டாவ வச்சு நிஜ தூரத்துல சுட்டுப் பாத்து, எந்த வட்டம் எத்தனை கஜத்துக்கு விழுதுன்னு ஒரு சீட்டுல எழுதி ஸ்கோப் மூடிக்குள்ள ஒட்டிக்கோங்க.

கே (கோயம்புத்தூர்): கிளப்புல 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுறேன். ஸ்கோப் மாட்டலாமா அண்ணா?

ப: போட்டிக்குன்னா கூடாதும்மா, உலக துப்பாக்கிச் சுடுதல் அமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்போட 10 மீட்டர் ஏர் ரைபிள்ல டெலஸ்கோப் கிடையாது, ஓட்டை வழியா பாக்குற சைட்தான். சும்மா டார்கெட் அடிக்க மாட்டணும்னா ஏர்கன்னுக்குன்னே வர்ற ஸ்கோப், 10 மீட்டர் வரைக்கும் ஃபோக்கஸ் இறங்குறதா பாத்து எடுங்க. பெரிய ரைபிள் ஸ்கோப்ப மாட்டினா அந்தத் தூரத்துல மங்கலாத்தான் தெரியும், ஸ்பிரிங் ஏர்கன்னோட முன்னும் பின்னுமான உதைக்கு சில ஸ்கோப் உடைஞ்சே போயிடும். இன்னொருத்தர் இதுல முயல் அடிக்கலாமான்னு கேட்டிருந்தார். இந்தியால 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு சார், பேப்பர்லயே அடிங்க.

கே (லண்டன்): பிஸ்லி ரேஞ்சுல எஃப் கிளாஸ், அதாவது ஸ்கோப் வச்சு, தாங்கி மேல வச்சு தூரமா சுடுற போட்டி, ஆரம்பிக்கப் போறேன், 1000 கஜம். எந்த ரெட்டிக்கிள்?

ப: செகண்ட் ஃபோக்கல், மெல்லிசுக் கோடு, நடுவுல எட்டுல ஒரு பங்கு எம்ஓஏ புள்ளி. 1000 கஜத்துல அது 1.3 இன்ச்தான் மறைக்கும், நடு வட்டமே 5 இன்ச்.

கே (சிட்னி): கிட்டத்துல எல்லாம் சரியா விழுது, தூரம் போகப் போக ஒரே பக்கமா தள்ளுது. ரெட்டிக்கிள் ரிப்பேரா?

ப: காத்து இல்லாத நாள்லயும் தள்ளுதுன்னா ஸ்கோப் சாஞ்சு உக்காந்திருக்கான்னு மொதல்ல பாருங்க. 3 டிகிரி சாஞ்சிருந்து 10 மில் ஏத்தி சுட்டா 1000 மீட்டர்ல அரை மீட்டர் பக்கவாட்டுல போகும். கொத்தனார் தூக்குக்குண்டு ஒண்ண நூல்ல கட்டி 50 மீட்டர்ல தொங்கவிட்டு, ரைபிள ரசமட்டம் வச்சு ஸ்டாண்டுல நேரா நிறுத்தி, நிக்கிற கோடும் நூலும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருற வரைக்கும் ஸ்கோப்பத் திருப்புங்க. அப்புறம் ரிங் ஸ்க்ரூவ ஒரே பக்கமா முறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, இல்லேன்னா டைட் பண்ணும்போதே திரும்பிக்கும்.